பிறப்பு இறப்புப் பத்திரங்களிற் பிழை திருத்தம்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையிலே வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் உயர்ந்தவை. சமயம், இலக்கியம், பண்பாடு என்பன பற்றி அறிஞர் பலர் இங்கு பேசியிருக்கின்றனர். அவ்வரிசையிலே, பிரதேச செயலகத்து விறாந்தையிற் காத்து நிற்போர் கையில் இருக்கும் ஒரு கடதாசியைப் பற்றி யான் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், ஒருவர் இந்நாட்டிலே பிறந்தார் என்பதற்கும், இன்னாருடைய பிள்ளை என்பதற்கும், இன்ன நாளிலே உலகை நீத்தார் என்பதற்கும் அரசினர் ஏற்கும் சாட்சி அக்கடதாசியே. அச்சாட்சி பிழையாகப் பேசுமாயின், அதனால் வரும் துன்பத்தை அனுபவிப்பவர் அதை எழுதியவரல்லர். அதைக் கையில் வைத்திருப்பவரே.

“ஓரெழுத்துத்தானே தம்பி, இதற்கேன் இவ்வளவு அலைச்சல்?” என்று ஊரிலே பெரியவர்கள் கேட்பதுண்டு. ஓரெழுத்துத்தான். ஆனால் அவ்வோரெழுத்தினாற் கடவுச்சீட்டு நின்றுபோகிறது. கணவனுடைய இறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் விவாகப் பத்திரத்தில் வேறு பெயரும் இருந்தால், விதவையின் ஓய்வூதியம் நின்றுபோகிறது. காணி உறுதியில் உள்ள பெயரும் இறந்தவர் பெயரும் ஒவ்வாவிடின், பிள்ளைகள் முதுசக் காணியைப் பெறுதல் பெரும்பாடாகிறது. தொழிலாளி ஒருவர் இறந்தபின் அவருடைய ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுச் செல்லும் மனைவியிடம், “இவர் அவர்தானா?” என்று கேட்கிறார்கள். முப்பது வருடம் உடன் வாழ்ந்தவளிடம் கேட்கப்படும் கேள்வி இது.

முதலாவதாக, நாம் வீட்டிலே வைத்திருக்கும் பத்திரம் யாது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். அது மூலமன்று, பதிவேட்டிலுள்ள ஒரு பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதி. இலங்கையிலே 1867ஆம் ஆண்டு தொடக்கம் அரசினர் பதிவு முறை நடந்து வருகிறது. அதற்கு முன்னர் ஒல்லாந்தர் காலத்திலே தோம்புகள் இருந்தன. கோவிற்பற்றுகளிலே ஞானஸ்நானமும் விவாகமும் ஏட்டில் எழுதப்பட்டன. இன்று எமக்குப் பொருந்துவது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் ஆகும். பதிவேடே மரம், எம் கையிலுள்ளது அதிலிருந்து பறித்த இலை. இலையிலே மையைப் பூசி மரத்தைத் திருத்த முடியாது. வீட்டுப் பிரதியில் நாமே எழுத்தை மாற்றினால் அது திருத்தமன்று; சட்டத்தின் முன் குற்றமாகும். பேனாவோடு பத்திரத்தை எடுக்கும் தந்தைமார் இதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, இப்பிழைகள் எவ்வாறு உண்டாகின்றன என்று பார்ப்போம். எழுதுபவரின் கவனக்குறைவு ஒரு காரணமே. அதனினும் பெரிய காரணங்கள் எம் வாழ்க்கை முறையிலேயே இருக்கின்றன.

பிள்ளை பிறந்தவுடன் பெயர் கேட்கிறார்கள். சோதிடர் சொல்லும் எழுத்து இன்னும் வரவில்லை; பேரனார் பெயரா, தெய்வத்தின் பெயரா என்று வீட்டிலே முடிவாகவில்லை. அவசரத்திலே ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு, பின்னர் வேறு பெயரிட்டு அழைக்கிறோம். பாடசாலையிலே அந்த இரண்டாவது பெயர் ஏறிவிடுகிறது. உண்மையில் இவ்வவசரம் வேண்டியதில்லை. பிறப்பைப் பதிதற்குச் சட்டம் 42 நாள் தருகிறது. 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைப்பவர்களுக்கும் அதன்பின் பதினொரு நாள் மிகுதியாக இருக்கிறது. எங்கள் வழக்கத்துக்கும் அரசினர் விதிக்கும் இவ்விடத்திலே பகையில்லை. பெயரை முடிவு செய்து, ஒரு தாளிலே தெளிவாக எழுதி, அத்தாளைப் பதிவாளரிடம் கொடுத்தாற் போதும். வாயாற் சொல்வதிலும் எழுதிக் கொடுத்தல் நன்று.

இரண்டாவது காரணம் மொழி. தமிழ்ப் பிள்ளையின் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்தால், போன பெயர் திரும்பி வராது. சிங்களத்திலே லகரமும் ளகரமும் எழுத்தளவிலே உண்டு. பேச்சிலே அவற்றுக்கு வேறுபாடில்லை. எமது ழகரம் அங்கில்லை. ஆகவே வள்ளியம்மை வல்லியம்மை ஆகிறாள். ஆங்கிலத்திலோ செல்வம் என்னும் பெயரின் முதலெழுத்தை ஒருவர் ‘எஸ்’ என்பார். மற்றவர் ‘சி எச்’ என்பார். தகரத்துக்கு ஒருவர் ‘ரி’ மட்டும் போடுவார்; மற்றவர் ‘எச்’சும் சேர்ப்பார். தந்தையின் பத்திரத்தில் ஒருவிதம், பிள்ளையின் பத்திரத்தில் இன்னொரு விதம் என்றால், வெளிநாட்டு உத்தியோகத்தர் கண்ணுக்கு அவை இரண்டு குடும்பங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். தெற்கிலே வாழ்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று. தமிழில் எழுதிய பெயரைப் பதிவாளர் முன் வைத்து, அவர் எழுதியதை வாசித்துக் காட்டும்படி பணிவாகக் கேட்டல் எவருக்கும் அவமதிப்பாகாது.

மூன்றாவது, நாட்கணக்கு. பஞ்சாங்க முறையிலே ஒரு நாள் சூரியோதயம் முதல் மறு சூரியோதயம் வரை. அரசினர் கணக்கிலே நள்ளிரவு பன்னிரண்டு மணியோடு நாள் மாறும். செவ்வாய்க்கிழமை விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளையைச் சாதகம் திங்கட்கிழமை இரவு பிறந்ததாகவே சொல்லும். வைத்தியசாலைப் புத்தகம் செவ்வாய் என்று சொல்லும். சாதகத்தைப் பார்த்த பெற்றோர் திங்கட்கிழமைத் திகதியைப் பாடசாலையிற் கொடுத்துவிட்டுப் பிறப்புப் பத்திரம் பிழை என்கிறார்கள். இங்கே சாதகமும் பிழையன்று, பத்திரமும் பிழையன்று. இரண்டும் வெவ்வேறு அளவுகோலால் அளந்தவை. திருத்தவேண்டியது பாடசாலை இடாப்பையே. இவ்வேறுபாட்டை அறியாது, சரியான பதிவைப் பிழையாக்க விண்ணப்பம் எழுதுவோரும் உளர்.

ஒரு நாள் வேறுபாடு சிறிதென்று எண்ணற்க. எமது தேசிய அடையாள அட்டை இலக்கமே பிறந்த நாளிலிருந்து உண்டாவது. 2004ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 2004015 என்று தொடங்கும். அதே நாளிற் பிறந்த பெண்ணின் இலக்கம், நாளோடு 500 கூட்டப்படுவதால், 2004515 என்று தொடங்கும். ஆகவே பிறந்த திகதியோ, ஆண் பெண் என்னும் குறிப்போ பிழையானால், ஆயுள் முழுவதும் சுமக்கவேண்டிய இலக்கமே பிழையாகும். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது வருமுன்னரே பிறப்புப் பத்திரத்தைத் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்று யான் வற்புறுத்துவது இதனாலேயே.

நான்காவது, துக்கம். வீட்டிலே மரணம் நிகழ்ந்தால் ஐந்து நாளுக்குள் அறிவித்தல் வேண்டும். அந்நாட்களில் மனைவி மக்கள் எழும்பக்கூடிய நிலையில் இரார். விதானையாரிடமும் பதிவாளரிடமும் செல்பவர் பெறாமகனோ அயலவரோ ஆவார். அவருக்குத் தெரிந்தது ஊர் அழைத்த பெயர். உறுதியிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ள முழுப்பெயர் அவருக்குத் தெரியாது. வயதைக் கேட்டால், நடப்பு வயதைச் சொல்லுவார். பதிவேடு கேட்பது நிறைந்த வயதை. இறந்தவரின் தாய் தந்தையர் பெயரைக் கேட்டால் நினைவிலிருந்து ஏதோ ஒன்றைச் சொல்லுவார். அந்தியேட்டி முடிந்து வீட்டார் பத்திரத்தைப் பார்க்கும்போது, அதில் இருப்பவர் பாதி வேற்று மனிதராயிருப்பார். ஆகையால், அறிவிக்கச் செல்பவர் கையில் இறந்தவருடைய அடையாள அட்டையும், பிறப்புப் பத்திரமும், விவாகப் பத்திரமும் இருத்தல் வேண்டும். இது அழுகை வீட்டிலே இளைஞர் செய்யக்கூடிய பெரிய உதவி.

இன்னொரு கூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நெடுங்காலம் வழங்கிய பிறப்புப் பத்திரப் படிவத்தில், பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு கூடு உண்டு. பூட்டனாரைப் பற்றிக் கேட்கும் கூடும் உண்டு. இவை ஏன் என்று எம்மிற் பலர் நினைத்துப் பார்த்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இங்கு பிறந்தவர் பிரசையாவதற்குத் தந்தை இந்நாட்டிற் பிறந்தவராயிருத்தல் வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவராயிருத்தல் வேண்டும் என்று விதித்தது. யாழ்ப்பாணத்திலே பாட்டன் பெயரை எழுதுவது எளிது. மலைநாட்டுத் தோட்டத்து லயத்திலே வாழ்ந்த தொழிலாளிக்கு அது எளிதன்று. அவர் பாட்டனார் பிறந்த காலத்திலே எவரும் அதைப் பதிந்திலர். பதிந்திருந்தாலும் அறிவித்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், வாசித்துப் பார்த்தவர் ஒருவருமில்லர். அவ்வாறு வெறுமையாகவோ கோடிட்டோ விடப்பட்ட கூடுகளின் பின்னால் இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. எஞ்சியிருந்தோரின் நிலைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அம்மக்கள் பத்திரத்திலே ஒரு கூடு வெறுமையாகக் கிடத்தல் என்னவென்பதை எம்மினும் நன்றாக அறிவர். எமது சங்கத்து மலைநாட்டு அன்பர்கள் இதனைச் சொல்லக் கேட்டே இப்பொருளின் கனத்தை யான் உணர்ந்தேன்.

இனித் திருத்தும் வழியைக் கூறுவேன்.

முதலிற் புதிய பிரதியொன்றை எடுக்க வேண்டும். பிழை பதிவேட்டில் இருக்கிறதா, பிரதி எழுதியபோது வந்ததா என்பது அப்பொழுதுதான் தெரியும். பிரதியிலே வந்த பிழையானால் திருத்த விண்ணப்பமே வேண்டியதில்லை. சரியான பிரதி போதும். இடம்பெயர்வுகளிலே பெட்டி படுக்கையோடு பத்திரங்களையும் இழந்தோர் பலர் பதிவே அழிந்துவிட்டதென்று எண்ணுகிறார்கள். வீட்டுப் பிரதி அழிந்தாற் பதிவு அழிந்ததாகாது. பல ஆண்டுகளின் பதிவேடுகள் இப்பொழுது கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. தேடிப் பார்க்காமற் கைவிடலாகாது.

பிழை பதிவேட்டிலேயே இருப்பின், பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்தல் வேண்டும். பெயரைச் சேர்த்தல் அல்லது மாற்றுதலுக்கு ஒரு முறை. பெற்றோர் விபரங்களுக்கும் ஏனைய பிழைகளுக்கும் வேறு முறை. ஆகையால் விண்ணப்பப் படிவத்தைக் கேட்கும்போதே எந்தக் கூட்டிலே எந்தப் பிழை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளை வயதுக்கு வராதவராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலர் விண்ணப்பிப்பர். வயது வந்தவர் தாமே விண்ணப்பிப்பார். கூறுவது மெய்யென்று பிரகடனமும் செய்தல் வேண்டும்.

அதற்குச் சான்று தேவை. சான்றிலே பழையதே பலமானது. பிள்ளை பிறந்த காலத்திலேயே எழுதப்பட்ட சாதகம், வைத்தியசாலைக் குறிப்பு, பிள்ளையின் சுகாதார அட்டை, முதலிற் சேர்ந்த பாடசாலையின் இடாப்புப் பிரதி, பெற்றோரின் விவாகப் பத்திரம் என்பன பயன்படும். யான் மிசன் கல்லூரியொன்றிற் படித்தவன். அங்குள்ள கிறிஸ்தவ நண்பர்கள் ஞானஸ்நானப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டுவதைக் கண்டிருக்கிறேன். கோயில்களிலே எமக்கு அத்தகைய ஏடில்லை. அந்த இடத்தை எங்கள் வீட்டுச் சாதகக் கொப்பியே நிரப்புகிறது. ஆகவே அதனைக் கறையானுக்குக் கொடாமற் பேணுதல் வேண்டும்.

திருத்துவதிலே ஒரு முறைவைப்பும் உண்டு. பிள்ளையின் பத்திரத்திலே தந்தையின் பெயர் பிழையென்றால், முதலில் தந்தையின் சொந்தப் பிறப்புப் பத்திரம் யாது சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அது பிழையாயின் அதையே முதலில் திருத்த வேண்டும். பிறப்புப் பத்திரம் சீரானபின் அடையாள அட்டை, அதன்பின் கடவுச்சீட்டு. தலைகீழாகச் செய்வோர் இரட்டைச் செலவு செய்கிறார்கள். திருத்தம் நிறைவேறியதும் பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிடமாட்டார்கள். அதிகாரியின் கையொப்பத்தோடும் திகதியோடும் திருத்தம் குறிக்கப்படும். அதன் புதிய பிரதியை அலுவலகத்திலே நின்றபடியே ஒவ்வொரு கூடாக வாசித்துப் பார்த்துவிட்டே வெளியேறல் வேண்டும்.

இவ்வளவும் தொல்லையென்று கருதி, “இரண்டு பெயரும் எனக்கே உரியன” என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு பலர் காலந்தள்ளுகிறார்கள். சத்தியக் கடதாசி ஓர் ஊன்றுகோல். ஓர் அலுவலகம் ஏற்கும், மற்றது தள்ளும். அதை முடித்தவர் இறந்தபின் பிள்ளைகளுக்கு அந்த ஊன்றுகோலும் இல்லை. சாட்சி சொல்லத்தக்க தாயும் பேரனும் உயிரோடிருக்கும் காலத்திலேயே பதிவேட்டைத் திருத்துதல் புத்தி.

ஒன்றை மிகத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். திருத்தம் என்பது பொய்யை உண்மையாக்குவதே; உண்மையைப் பொய்யாக்குவதன்று. நல்ல பாடசாலையிலே சேர்ப்பதற்காகவோ, விளையாட்டுக் குழுவிலே வயது குறைப்பதற்காகவோ, வெளிநாடு செல்வதற்காகவோ பிறந்த ஆண்டை மாற்ற முயல்வோர் எம்மிடையிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு உதவப் புறப்பட்டால், மெய்யாகவே பிழையினால் வருந்துபவர் சொல்லையும் எவரும் நம்பார்.

உண்மை என்று சொல்லும்போது, எம் நாட்டிலே தனியாக ஒரு துயரம் இருக்கிறது. காணாமற்போனோர் நிலை அது. 2004 திசெம்பர் 26ஆந் திகதிய கடற்கோளில் உடல் கிடையாதோர் பலர். போர்க்காலத்திலே காணாமற்போனோர் பல்லாயிரவர். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் போர்க்காலத்திலே காணாமற்போனோரின் மரணத்தைப் பதிய வழி செய்தது. ஆனால் தாய்மார் பலர் அப்பத்திரத்தை வாங்க மறுத்தனர். “என் பிள்ளை செத்ததை ஆர் கண்டது? நான் எப்படிக் கையெழுத்து வைப்பன்?” என்பது அவர்கள் கேள்வி. வங்கிக் கணக்கும் காணியும் முடங்கிக் கிடந்தபோதிலும் அவர்கள் தாம் அறியாத ஒன்றை மெய்யென்று சொல்ல இசைந்திலர். 2016ஆம் ஆண்டிலே அச்சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று கூறாது, காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழொன்று அத்திருத்தத்தினால் உண்டாயிற்று. அதுவும் போதாது என்போர் உளர். அத்தாய்மார் கேட்பது சான்றிதழையன்று, பிள்ளையையே. எனினும் ஒரு பத்திரம் தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லவேண்டும் என்பதை அவர்கள் உறுதியே சட்டத்துக்குக் கற்பித்தது என்று யான் கருதுகிறேன். எமது சங்கத்தார் எவரும், “பணத்துக்காகவாவது மரணப் பத்திரத்தை எடுத்துவிடம்மா” என்று அத்தகைய தாயை நெருக்கலாகாது. உள்ள வழிகளை எடுத்துச் சொல்லி, முடிவை அவரிடமே விடவேண்டும்.

முடிவாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவோம். மும்மொழியும் ஓரளவு எழுதத் தெரிந்த இளைஞர் ஐந்தாறு பேர் போதும். பத்திரங்களை ஒப்பிட்டுப் பார்த்தல், படிவம் நிரப்புதல், முதியோரைச் செயலகத்துக்கு அழைத்துச் செல்லல் ஆகியனவே வேலை. ஒரு சதமும் வாங்கலாகாது. தரகர் கூட்டம் எமது பெயரைப் பயன்படுத்த விடவுங்கூடாது. பெரியோர்கள் தம் பங்குக்கு, தமக்குத் தெரிந்த பேரன் பூட்டன் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் ஒரு கொப்பியிலே எழுதி வைத்தல் வேண்டும். அவை இப்பொழுது அவர்கள் நினைவிலே மட்டும் இருக்கின்றன.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் றங்குப் பெட்டியைத் திறந்து, தந்தை, தாய், பிள்ளைகள் ஆகியோருடைய பத்திரங்களை மேசையிலே வரிசையாக வைத்துப் பாருங்கள். பெயர், திகதி, இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒவ்வாதவை இருப்பின் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவற்றையும் கொண்டு வாருங்கள். தலைவர் அவர்களின் அனுமதியோடு அன்றைக்கே வேலையைத் தொடங்குவோம்.